சித்திரையில் நனைந்த மண்

சித்திரை பிறந்த புதிதில் ஒரு காலை சன்னலைத் திறந்தேன். ஈரக் கரிசல் வாசம் முகத்தில் அடித்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. கோவில்பட்டியே வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது மழை வாசம் எங்கிருந்து வரும்? பின்பக்கம் போய்ப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, சுவரடியில் யாரோ ஹோஸைப் போட்டுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று. நீங்கள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஆனாலும் ஒரு கணம், நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று நினைத்தேன்.

நீங்கள் இல்லை, நம் மகன். வீட்டை விற்பதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். இது விலைபோனால்தான் அவன் அங்கே ஒரு வீடு வாங்க முடியும், நானும் போய் அவனோடு இருக்க முடியும்.

"பாக்க ஆளு வருதாங்கம்மா. ஒரு வாரம் தண்ணி பாஞ்சாப் போதும், மண்ணு ஊதிப் பின்னறைச் சுவத்து விரிசல் தானா மூடிக்கிடும். மேல பட்டி பாத்துப் பெயின்ட் அடிச்சிரலாம். அப்பா செஞ்சதுதானே" என்றான்.

நீங்கள் செய்ததுதான்.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய நாள் நினைவிருக்கிறதா? பருத்திக்காடாகக் கிடந்த மனை இது. கரிசலை முழுக்க வெட்டியெடுத்து, அடியில் சரளை தட்டுப்படும்வரை போகவேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் இடுப்பளவோடு நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள். "கண்ணுக்குத் தெரியாத இடத்துல எவனாவது காசைப் புதைப்பானா, ஏட்டி?" என்று சிரித்தீர்கள்.

மிச்சம் பிடித்ததையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கொட்டினீர்கள். வாசலுக்கு டைல்ஸ், சமையல் மேடைக்குக் கிரானைட். கேட்டுக்குப் பொன் நிறப் பெயின்ட் அடித்துவிட்டு, தெருமுனையில் போய் நின்று ஒரு மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தீர்கள். விளாத்திகுளத்திலிருந்து உங்கள் அண்ணன் வந்தால் அவருக்குக் காபி வருவதற்கு முன்னால் உங்கள் கேள்வி வந்துவிடும்: "இப்ப வித்தா என்ன போகும்ணே?" விற்கிற எண்ணம் உங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. விலை ஏறுகிறது என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான். விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காட்டுவீர்கள். "டங்குனு இருக்கு பாத்தீங்களா?"

பின்னறைச் சுவரை மட்டும் யாருக்கும் தட்டிக் காட்டமாட்டீர்கள். கோடையில் மண் வெடிக்கும்போது அந்த மூலையில் மயிரிழையாகத் தொடங்கிய விரிசல், அடுத்தடுத்த கோடைகளில் விரல் நுழையும் அளவுக்கு வந்தது. ஐப்பசி மழையில் மண் ஊதினால் மூடிக்கொள்ளும், கூடவே அந்த அறைக் கதவும் நிலையில் இறுகிக்கொள்ளும். "கதவு இறுகுனா மழை வந்துட்டுன்னு அர்த்தம்" என்று அதையும் ஒரு பெருமையாகவே சொன்னீர்கள்.

மகளுக்குச் சம்பந்தம் பேசி, கயத்தாறுக்காரர்கள் வீடு பார்க்க வருவதாகச் சொன்னது பங்குனியில். மழைக்கு எங்கே போவது? ஹோஸை எடுத்துச் சுவரடியில் போட்டீர்கள். வாரக் கடைசியில் என்னைக் கூப்பிட்டீர்கள். "இங்கன வந்து பாரு. விரிசல் எங்கன இருக்கு, சொல்லு பாப்போம்!" பட்டியும் பெயின்டும் பூசிய சுவர் பச்சைப்பிள்ளை கன்னமாக வழுவழுத்தது. மகன் உங்கள் பக்கத்தில் நின்று கைதட்டினான். சம்பந்திகள் மெச்சிவிட்டுப் போனார்கள். அந்த ஆவணி வருவதற்குள் பட்டி உதிர்ந்து, பழைய இடத்திலேயே விரிசல் வாயைத் திறந்தது, முன்னைவிட அகலமாக.

இந்தமுறை வந்தவர்கள் எப்போதும்வென்றான் ஊர்க்காரர்கள். ஓர் இளைஞன், கூடவே நிறைமாதமாக இருக்கும் அவன் மனைவி. மகன் என்னைத் தனியாக அழைத்து, "நீ வாயத் தொறந்துராத" என்று சொல்லி வைத்திருந்தான். டைல்ஸைப் பார்த்தார்கள், கிரானைட்டைத் தடவினார்கள். நீங்கள் இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பீர்கள். நான் பேசாமல்தான் இருந்தேன்.

அந்தப் பெண் பின்னறைக்குள் போனாள். கூரையில் நம் மகளுக்காக நீங்கள் மாட்டிய தொட்டில் கொக்கி அப்படியே இருக்கிறது. அண்ணாந்து பார்த்தவள் முகமெல்லாம் சிரிப்பாகி, "கொக்கிகூட இருக்கு பெரியம்மா! இங்கனயே தொட்டில் கட்டிருவேன்" என்றாள்.

கொக்கிக்கு நேர் பின்னால்தான் அந்தச் சுவர்.

"இங்கன கட்டாத தாயி" என்று என் வாய் சொல்லிவிட்டது. அவள் கையைப் பிடித்துச் சுவரைத் தட்டவைத்தேன். பொத்துப் பொத்தென்று கேட்டது. ஈரம் காயாத பட்டி ஒரு பில்லையாகப் பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் புருஷன் பின்பக்கம் போய் நனைந்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"அப்பா இருந்தா ஒன்னய இப்படிப் பேச விட்டிருப்பாவளா?" என்றான் மகன். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டான். நான் குழாயை மூடினேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். அந்தக் கோபத்தைச் சொல்வதற்கு நீங்கள் இல்லையே என்பது அதைவிடப் பெரிய துக்கமாக இருக்கிறது.

தண்ணீர் நின்றதும் மண் முன்னைவிட மோசமாக வெடித்தது. சுவரடி வெடிப்புக்குள் இப்போது என் கை போகிறது. போகட்டும், கோடையில் வழக்கமாக நடப்பதுதானே என்று இருந்தேன்.

இன்று காலை பின்னறைக் கதவு திறக்கவில்லை. தோளைக் கொடுத்து முட்டினேன், அசையவில்லை. மழை இல்லை, மண்ணில் சொட்டு ஈரம் இல்லை. பிறகு ஏன் இறுகியது? மண் ஊதவில்லை என்றால் சுவர்தான் இறங்கியிருக்கிறது. மகனுக்குப் போன் போட்டேன். கதவு இறுகியதைச் சொன்னேன்.

"எம்மா, அந்தப் பக்கமே போகாத. வாரேன், இப்பவே கெளம்பி வாரேன்."

அவன் குரலில் உங்கள் சிரிப்பு இல்லை, நல்லவேளை. அவனுக்காகக் கூடத்தில் காத்திருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்குத் தொற்றிய பழக்கம் ஒன்று உண்டு, போகும்போதும் வரும்போதும் சுவரை முட்டியால் தட்டிப் பார்ப்பது. சற்றுமுன் கூடத்துச் சுவரையும் தட்டினேன். டங்கென்று கேட்கவில்லை. எழுந்து போய் முன்வாசல் கதவை அகலத் திறந்து, ஆட்டுக்கல்லை உருட்டி முட்டுக்கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வெக்கை உள்ளே வருகிறது, வரட்டும். சாத்தினால் மறுபடி திறக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.