குழாய் திறந்திருந்த காலைகள்

11 ஜூன் 1998, வியாழன்

இன்று தண்ணீர் ஏழு மணிக்கே நின்றுவிட்டது. டிரம் பாதிகூட நிறையவில்லை. நோரா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் நின்றிருக்கிறாள். "காவேரி என்ன உங்கப்பன் வெட்டுன வாய்க்காலா?" என்று கத்தினேன். பத்து வயதுப் பெண். யூனிஃபார்மை மாட்டிக்கொண்டாள்.

மாலை குழந்தை இயேசு கோயில். ஒன்பது வியாழன் நேர்ச்சையில் முதல் வியாழன். பூசையில் எல்லோரும் மௌனமாக இருக்கும்போது அவள் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் - 'ஹ்க்' - கூடவே கழுத்தில் வெடுக்கென்று ஓர் இழுப்பு. நான்கு மாதமாக இதுதான். வெளியே வரும்போது பக்கத்து வீட்டு மரகதம், "என்ன நோரா, தொண்டையில தவளை பூந்துகிச்சா?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன்.

வேண்டுதல் பெட்டியில் போடும் சீட்டை அவளையே எழுதவைத்தேன். 'இயேசுவே, இனிமேல் சத்தம் போட மாட்டேன். சத்தியம்.' நல்ல கையெழுத்து.

19 ஜூன்

ஸ்கூலில் விசாரித்தேன். அங்கே ஒரு சத்தமும் இல்லையாம். அப்படியென்றால் எங்களுக்கென்றே செய்கிறாளா?

25 ஜூன், வியாழன்

பூசையில் ஐந்து முறை. திரும்பும்போது ஆட்டோவில் நோராவின் அப்பா டெஸ்மண்ட், "வேணும்னே பண்றா சொர்ணம். ஸ்கூல்ல மட்டும் எப்படி வராம இருக்கு?" என்றார். அவள் எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் மறுத்துப் பேசவில்லை.

8 ஜூலை

மறுபடியும் குழாய். கதவைத் தட்டினேன். வெளியே வந்தவள்மேல் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை - ஆனால் ஓங்கினேன்.

16 ஜூலை, வியாழன்

ஆறாம் வியாழன். நற்கருணை அப்பம் வாங்க எங்கள் வரிசை எழுந்தபோது நோரா எழவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டு மாடிப்படியில் வைத்துக் கேட்டேன். "நற்கருணை வாங்காம இருக்கற அளவுக்கு என்னடி பாவம் பண்ணினே நீ?"

"சாமிக்கு எழுதிக் குடுத்துப் பொய் சொல்லிட்டேன் மம்மி. தினம் சத்தம் போடறேன். ஸ்கூல்ல அடக்கிடுவேன், இங்க முடியல. உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் குழாயத் தொறந்து வச்சேன்."

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு நாள் நான் தண்ணீரைத்தானே பார்த்தேன்!

22 ஜூலை

டாக்டர் சந்திரசேகரன் அரைமணி நேரம் பேசினார். அவளை மீறி வரும் இந்தச் சத்தத்துக்கும் இழுப்புக்கும் டிக் என்று பெயராம். நிறையப் பிள்ளைகளுக்கு வருமாம். குறையலாம், கூடலாம், போய்விடவும் செய்யலாம் என்றார்.

"அப்ப ஸ்கூல்ல எப்படி சார்?" என்றார் டெஸ்மண்ட்.

"வர்ற தும்மல எவ்வளவு நேரம் அடக்குவீங்க? அவ ஸ்கூல் முடியற வரைக்கும் அடக்கறா. வீட்டுல தான் விட முடியும்னு வர்றா."

"நாங்க என்ன செய்யணும்?" என்றேன்.

"வந்தா வரட்டும். எத்தனை தடவைன்னு எண்ணாதீங்க, கண்ணால ஜாடை காட்டாதீங்க, நிறுத்துன்னு சொல்லாதீங்க. நீங்களே போய் மிஸ்கிட்ட சொல்லுங்க. முதல்ல அவகிட்ட, அது அவ தப்பு இல்லன்னு சொல்லுங்க."

அவள் மூச்சுவிட ஓடிவந்த ஒரே இடம் இந்த வீடு. அதையும் நான் அடைத்தேன். பி.ஏ. படித்தவள். சாமியையும் காவலுக்கு வைத்தேன்.

23 ஜூலை, வியாழன்

அந்தச் சீட்டை எடுத்துத் தரும்படி ஃபாதரிடம் கேட்டேன். பெட்டியை வழக்கம்போலக் காலி செய்துவிட்டார்களாம். "நீங்க ஒண்ணு எழுதிப் போடுங்கம்மா" என்றார். எழுதினேன்: 'அந்தச் சத்தியத்தை எழுதவைத்தது நான். அவள் பொய் சொல்லவில்லை.' நோராவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

"கீழ உங்க பேரு எழுதல மம்மி."

எழுதினேன். அப்புறமும் அவள் நற்கருணைக்கு எழவில்லை. நானும் போகாமல் அவள் பக்கத்திலேயே இருந்தேன்.

29 ஜூலை

டெஸ்மண்ட் லீவு போட்டுவிட்டு ஸ்கூலுக்கு வந்தார். மிஸ்ஸிடம் அவரே பேசினார். மாலையில் சத்தம் வந்தபோது பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். 

6 ஆகஸ்ட், வியாழன்

ஒன்பதாம் வியாழன். காலையில் தண்ணீர் வந்தது. நான் டிரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். பாத்ரூமிலிருந்து 'ஹ்க்' - தெளிவாக. பிறகு இன்னும் மூன்று. எண்ணக் கூடாது என்றிருந்தேன், எண்ணிவிட்டேன்.

வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இட்லிக்குச் சட்னியா, பொடியா?"

"பொடி."

குழாய் மூடியே இருந்தது. தாழ்ப்பாளை மட்டும் இன்னும் போட்டுக்கொள்கிறாள்.