மூன்றாவது வரி

செவ்வாய், இரவு.

மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தோடு ஏஜென்ட் தம்பி காலையில் வந்தார். எனக்கும் மகளுக்கும் மட்டும் என்றால் பிரீமியம் கட்டிவிடலாம். வீட்டுக்காரரையும் சேர்த்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது. சுரங்க வேலையில் அவர் நெஞ்சில் படிந்த தூசி நோயை மறைத்து எழுத எனக்கு மனம் வராது. உள்ளதை எழுதினால், அந்த நோய்க்கு மூன்று வருடம் கழித்துத்தான் பணம் தருவார்களாம்.

"மூணு வருஷமா? அதுக்குள்ள நான் கடைசி ஷிப்டுக்கு எறங்கிடுவேன் தம்பி" என்று இவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு என்னிடம், "என் பேர வுட்டுடு. நீயும் பாப்பாவும் இருந்தா போதும்" என்றார்.

வீட்டுச் செலவை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரைத்தான் எழுதினேன்.

இரவு ஜெபத்தில் இவர் பேரைத்தான் எப்போதும் முதலில் சொல்வேன். இன்று அது வாயில் வரவில்லை. மகள் பேரிலிருந்து ஆரம்பித்தேன்.

"இன்னாமே, இங்கயும் என் பேர வுட்டுட்டியா?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

பாப்பா சிரித்துவிட்டாள். என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

படிவத்தை வாங்கிக்கொள்ள நாளைக் காலை தம்பி வருவார். இருவரும் தூங்கிய பிறகு அதை எடுத்து, காலியாக இருந்த மூன்றாவது வரியில் இவர் பேரை எழுதினேன். பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.