கெட்டது ஆட்டத்தால் இல்லை, மெஹ்ருன்

என் செல்ல மெஹ்ருனுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நம் ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏன் பாதியில் நின்று நின்று போனது என்று கண்டுபிடித்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. நாம் அதில் ஆடின ஆட்டத்தால் இல்லை. ஆட்டத்தால் இல்லவே இல்லை.

நீ போனதிலிருந்து உனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதிகூட என்னிடம் இருந்ததில்லை. இன்று இருக்கிறது. சாயங்காலம் ஆம்பூரில் ரயில் ஏறியதிலிருந்து வாய் தானாகப் பேசிக்கொண்டே வந்தது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாம்மா, தனியா பேசினு வர்றே?" என்றார். "என் தோஸ்துகிட்ட சேதி சொல்றேன்" என்றேன். அவர் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு நிறையும்.

நம் ஷூ கம்பெனிக்கு அந்தப் பெட்டி வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஏற்றுமதி பில் போட டைப்பிஸ்ட்டாக இருந்த நம் இருவரையும் மேனேஜர் சார் கூப்பிட்டு, "இனிமே இதுதான் உங்க மிஷின். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றார். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினீயர் சில நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் பயந்து பயந்து ஒவ்வொரு பட்டனாகத் தட்டினேன். நீ அது ஏதோ உன் அம்மா வீட்டுச் சீதனம் மாதிரி உரிமையோடு தட்டினாய்.

அப்புறம் மெட்ராஸில் இருக்கும் உன் அண்ணன் அந்த பிளாப்பியைக் கொடுத்தனுப்பினார். அதில் விமானம் ஓட்டுகிற ஆட்டம். மத்தியானச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு, கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஒரே கீபோர்டில் இருவரும் உட்காருவோம். திசை உன் பொறுப்பு, உயரம் என் பொறுப்பு. "ஏத்து ஆபா, ஏத்து! மலை வருது!" என்று இந்த அக்காவைப் பார்த்து நீ கத்துகிற கத்தலில் பேக்கிங் செக்ஷன் பெண்கள் எட்டிப் பார்ப்பார்கள். மலையெல்லாம் தாண்டி, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் திரை அப்படியே உறைந்துவிடும். எதைத் தட்டினாலும் அசையாது. சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும்.

ஒரு தரம் நின்றால் சும்மா இருக்கலாம். தினமும் நின்றது. எனக்கு எரிச்சலாக இருக்கும், உனக்குக் குஷியாகிவிடும். "இது ஏன் நிக்குதுன்னு பாத்துருவோம் ஆபா" என்றாய். கரண்ட்தான் காரணம் என்று முதலில் நினைத்தோம். தோல் போட்டுச் சுற்றுகிற டிரம்மின் மோட்டார் ஓடத் தொடங்கும்போது நம் ரூம் விளக்கு மங்கும் அல்லவா? அதனால் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக டிரம் எல்லாம் நின்றிருந்த நேரத்தில் ஆடிப் பார்த்தோம். அப்போதும் நின்றது. சூடுதான் காரணம் என்று மேஜை ஃபேனைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தோம். கொஞ்ச நேரம் ஜாஸ்தியாக ஓடியது, பிறகு நின்றது. பிளாப்பியே கெட்டதோ என்று அண்ணனிடம் திருப்பி அனுப்பினாய். அவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது தடங்கலே இல்லாமல் ஓடியது.

அன்றைக்குத்தான் நீ அதைச் சொன்னாய். தயிர்ச்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாய்.

"ஆபா, பில் போடறது சின்ன வேலை. பெரிய வீட்ல ஒரு ரூம்ல மட்டும் குடியிருக்கற மாதிரி. ஆட்டம் அப்டி இல்ல, வீடு பூரா ஓடுது. ஏதோ ஒரு ரூம்ல கோளாறு இருக்குது. நாம அங்க போறதே இல்ல, அதனால தெரியல."

அதைச் சோதித்துப் பார்க்க நமக்கு நேரம் கிடைக்கவில்லை. மறுநாளே மேனேஜர் சார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். திரையில் விமானம் உறைந்து நிற்கிறது. இன்ஜினீயரை வரவழைத்தார்கள். அவர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. சுவிட்சைப் போட்டார். அது காலையில் எப்போதும் செய்கிற மாதிரி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு எல்லாம் சரி என்றது. "மிஷின் நல்லாருக்குது சார். கேம் போட்டுத்தான் கெடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும்தான் ஆடினோம் என்று நானும் சொன்னேன், நீயும் சொன்னாய். ஆனால் பிளாப்பி உன்னுடையது. உன்னை பேக்கிங் செக்ஷனுக்கு மாற்றினார்கள். நீ அழவில்லை. மேனேஜர் சாரிடம், "ஆட்டத்தால இல்ல சார். என்னிக்காவது பெரிய வேலை வர்றப்போ இதே மாதிரி நிக்கும், பாருங்க" என்றாய். அவர் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு உனக்குக் காமாலை வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த அன்று, கண் முழுக்க மஞ்சளாக இருந்தும் நீ கேட்ட முதல் கேள்வி, "மிஷின் எப்டி இருக்குது ஆபா?" என்பதுதான். என்ன பெண்ணடி நீ! நான் அன்றைக்கு என்ன பதில் சொன்னேன் என்பதே நினைவில் இல்லை. அடுத்த வாரம் நீ இல்லை. உன் ஜனாஸாவைத் தூக்கின அன்று உங்கள் வாசலில் நின்ற யாரோ, "ஆபீஸ்ல ஆட்டம் ஆடி மிஷினைக் கெடுத்துச்சே, அந்தப் பொண்ணா?" என்று கேட்டது உன்னைப் பெற்ற அம்மியின் காதில் விழுந்துவிட்டது. அம்மியின் முகத்தை நான் பார்த்தேன். இத்தனை மாதமாக அந்த முகம்தான் எனக்குள் உட்கார்ந்திருந்தது.

போதும். இப்போது இன்றைய சேதிக்கு வருகிறேன்.

ஜெர்மனிக்குப் போகிற பெரிய ஆர்டர். இத்தனை பெரியது நம் கம்பெனிக்கு வந்ததே இல்லை. மாடல், சைஸ், பெட்டி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து பேக்கிங் லிஸ்ட் எடுக்க வேண்டும். வெளியே மெட்ராஸ் துறைமுகம் போக லாரி நிற்கிறது. நான் எல்லாவற்றையும் ஏற்றினேன். முக்கால்வாசி வந்தது. திரை உறைந்தது.

மெஹ்ருன், எனக்குப் பயம் வரவில்லை! நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். அதே மாதிரி நிற்கிறது, ஆட்டத்தில் நின்ற மாதிரியே! பெட்டிக்குள் எந்த ஆட்டமும் இல்லை, உன் பிளாப்பி ரூம் பீரோவில் கிடக்கிறது. "சார்! சார்!" என்று கத்தினேன். ஓடி வந்த மேனேஜர் சார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது பேஜாரு! லாரி நிக்குது. இன்ஜினீயரு வர ரெண்டு நாளாவும்."

"சார், மெஹ்ருன் சொன்னா இல்ல? பெரிய வேலை வந்தா நிக்கும்னு. நான் பெட்டியத் திறக்கறேன்."

"திறந்து கெட்டுப்போச்சுன்னா?"

"இப்ப மட்டும் நல்லாவா இருக்குது சார்?"

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். பிளக்கைப் பிடுங்கி ஸ்க்ரூவைக் கழற்றினேன். உள்ளே நினைவகச் சிப்புகள் வரிசையாக, கறுப்புப் பூச்சி மாதிரி சின்னச் சின்னக் கால்களோடு குழிகளில் உட்கார்ந்திருந்தன. குனிந்து பார்த்தேன். உடம்பு மட்டுமா, கால்களும் கறுப்பு! வெள்ளி மாதிரி மின்ன வேண்டிய கால்கள் மை பூசின மாதிரி இருந்தன.

அந்தக் கறுப்பு எனக்குத் தெரியாதா? என் வெள்ளிக் கொலுசைப் பார்த்து நீ எத்தனை தரம் சிரித்திருக்கிறாய்! பின்னால் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியிலிருந்து வருகிற அழுகின முட்டை நாற்றம் வெள்ளியை விடாது, வாரத்துக்கு ஒரு தரம் புளி போட்டுத் தேய்க்கிறேன். நம் ரூம் ஜன்னல் அந்தப் பக்கம்தானே திறக்கிறது? நாம் மூச்சுவிடுகிற காற்றைத்தான் மிஷினும் வாங்கியிருக்கிறது. கறுத்துப்போன காலில் கரண்ட் ஒரு நேரம் போகும், சூடேறினால் போகாது. காலையில் சோதனையில் தேறிவிடும், மத்தியானம் நின்றுவிடும். கோளாறான ரூம் எதுவென்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தேன். எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மேனேஜர் சார் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். பென்சில் ரப்பரால் கால்களைத் தேய்த்தேன். ஒரு கால் வளைந்துவிட்டது. "யா அல்லா" என்றார் அவர். "முருகா" என்றேன் நான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நகத்தால் நிமிர்த்தினேன், உடையவில்லை. எல்லாவற்றையும் கட்டை விரலால் அழுத்தி உட்காரவைத்து, சுவிட்சைப் போட்டேன்.

பேக்கிங் லிஸ்ட் முழுதாக வந்தது! பிரிண்டர் கீச்சுக் கீச்சென்று அடித்துத் தள்ளியது. லாரி கிளம்பியது. டிரைவருக்கு விஷயம் ஒன்றும் புரியாமலே என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மேனேஜர் சார் நாற்காலியில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆட்டம் இருக்குதாம்மா? அதப் போட்டாத்தானே முழுசாத் தெரியும்?" என்றார். பீரோவைத் திறந்து எடுத்தேன். திசையை அவர் பிடித்தார், உயரத்தை நான். மனிதருக்கு இடது வலது தெரியவில்லையடி, இரண்டு தரம் மலையில் கொண்டுபோய் மோதினார். மூன்றாம் தரம் மலையைத் தாண்டினோம். ஓடுபாதை வந்தது. திரை நிற்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டது, விமானம் ஓடி ஓடி நின்றது. அவர் கைதட்டினார். நான் அப்போதுதான் அழுதேன். இருந்தாலும் சிரித்துக்கொண்டுதான் அழுதேன்.

"வீடு எங்கம்மா, அந்தப் பொண்ணு வீடு?" என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மி கதவைத் திறந்தார். மேனேஜர் சார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே சொன்னார்: "மிஷின் தானாத்தான் கெட்டுச்சும்மா. உங்க பொண்ணு முன்னாடியே சொன்னா, நான் கேக்கல. தப்பு என்னுது. இத நாளைக்கு ஆபீஸ்ல எல்லாரையும் நிக்கவச்சுச் சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

அம்மி துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "அப்டி இன்னாதாம்மா ஆட்டம் அது? நானும் ஒருவாட்டி பாக்கலாமா?" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு! உனக்கு இது கேட்கிறதா? நான் சொல்லச் சொல்ல நீ அங்கே குதிக்கிறாயா?

வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அம்மியை ஆபீஸுக்குக் கூட்டிவருகிறேன். மேனேஜர் சார் சரி என்றுவிட்டார். உன் நாற்காலியில் அவரை உட்காரவைப்பேன். எத்தனை தரம் மோதினாலும், அவருக்கு அலுக்கும்வரை மறுபடி மறுபடி போட்டுக்கொடுப்பேன். இது சத்தியம், மெஹ்ருன்.

நீ வாய் நிறைய ஆபா என்று கூப்பிட்ட உன் அக்கா,
சுகுணா