மையவாடிக் காட்சி

2025 பெப்ரவரி 4

உரக்கடைக்காரர் இன்று ஹாஜியார் ஆகிவிட்டார். கறுப்புக் கோட்டும் சிவப்புத் துருக்கித் தொப்பியும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். என் புருஷன் மிஹ்லார்தான். ஆனாலும் அந்நிய ஆம்பிளை வீட்டுக்குள் வந்த மாதிரி, முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன்.

காரைதீவுச் சுதன் தம்பி, முகம்மது தம்பி ஹாஜியார் என்பவரைப் பற்றிப் படம் எடுக்கிறார். சுதந்திரம் கிடைத்த காலத்து எம்.பி., வாய்க்கால் தண்ணீருக்காகக் கொழும்பு வரை போய் வாதாடியவர். உரம் வாங்க வந்த சுதன், என் புருஷனின் உயரத்தையும் மூக்கையும் கண்டு, ஹாஜியாராக நடிக்கச் சொல்லி விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டில் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாத மனுஷனுக்கு மேடைப் பேச்சாம்!

பெப்ரவரி 9

பேசுகிறார்.

மாவடிப்பள்ளி வயலோரம் மேடை. கதிர் பழுத்துக் கிடந்தது. அவர் குரல் அதற்கு மேலால் மிதந்து வந்தது. நான் கேட்டேயிராத குரல். எந்தக் காலத்தில் நிற்கிறேன் என்பதே சற்று நேரம் மறந்துபோனது. பக்கத்தில் நின்ற என் அக்கா, பாஹிமா ராத்தா, முழங்கையால் இடித்து, உன்ட மாப்புள எலெக்சன் கேட்டா நானும் வோட்டுப் போடுவன் என்றாள்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றினார். குரலையும் கழற்றிவிட்டார்.

பெப்ரவரி 12

நாளை, ஹாஜியாரின் சின்ன மகள் காய்ச்சலில் மௌத்தாகும் காட்சி. பிள்ளையைக் கையில் ஏந்திப் போய் அவரே அடக்க வேண்டும். அட்டாளைச்சேனைப் பக்கம், கடலோரத் தென்னந்தோப்பில் மண்ணைக் குவித்து ஒரு மையவாடி செய்து வைத்திருக்கிறார்கள்.

நானும் வரட்டா என்று கேட்டேன்.

"மையவாடிக்குப் பொம்புளயள் வாறல்ல, புள்ள."

சினிமா மையவாடிக்குமா? கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

சுனாமி அன்று நான் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எங்கள் மகள் நிப்லாவைக் கண்டெடுத்ததும் அடக்கியதும் அவர்தான். நாலு வயது. எப்படிக் கொண்டுபோனார், முகம் எப்படி இருந்தது — கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். 'அடக்கின' என்ற ஒரு சொல்லுக்கு மேல் இன்றுவரை எதுவும் இல்லை. அதற்காக அவரை வெறுத்த வருஷங்களும் உண்டு.

பெப்ரவரி 13

சுதன் தம்பி போன் எடுத்தார். "அக்கா, கட் சொன்ன பிறகும் அண்ணன் புள்ளய கீழ வெக்கல்ல. வெறும் துணிப் பொட்டலந்தான். அழுதுகொண்டே நிண்டவர். ஒருத்தரும் கிட்டப் போகல்ல."

அவர் வந்தார், சோறு தின்றார், படுத்துவிட்டார்.

ஆரோ ஒரு ஹாஜியார்ர புள்ளைக்கு அழத் தெரியுது. என்ட புள்ளைக்கு? என்னோட இருந்து ஒரு சொட்டுக் கண்ணீர்? பொறாமையா இது? ஓம், பொறாமைதான்.

மார்ச் 5

நோன்பு. விடியுமுன் சஹர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது கனவு. துருக்கித் தொப்பியோடு ஒருவர் கடலோரம் போகிறார். கையில் வெள்ளைத் துணி. அலை சத்தமில்லாமல் வந்து வந்து போகிறது. எனக்குக் கால் நோவே இல்லை, ஓடுகிறேன். திரும்பினாரென்றால் பிள்ளையின் முகம் தெரியும். திரும்பவில்லை.

ஜூலை 19

படம் அடுத்த மாதமாம். புதுச் சாறி எடுத்தேன். நடிகரின் பெண்சாதிக்குப் பகட்டைப் பார் என்று ராத்தாவுக்குக் கேலி. அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? அந்த ஒரு காட்சிக்காகத்தான் போகிறேன். எந்தக் கையால் தலையைத் தாங்கினார்? நெஞ்சோடு வைத்தாரா? நான் போக முடியாத இடத்தை ஒரு தடவை பார்த்துவிடுவேன்.

ஓகஸ்ட் 2

காட்சி இல்லை.

மண்டபம் நிறைந்த சனம். மேடைப் பேச்சுக்கு விசிலும் கைதட்டலும். மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்ததாகக் கொழும்பு ரயில் ஓடியது. படம் நீண்டுபோனதால் வெட்ட வேண்டி வந்ததாம். சுதன் தம்பி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

வந்தவர்கள் எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். சிரித்தேன்.

ஓகஸ்ட் 3

சுபஹு தொழுதுவிட்டு வந்தார். வாசலில் மறித்துக் கேட்டேன்.

"அந்தக் காட்சியப் பாக்கத்தான் நான் வந்த. எப்பிடித் தூக்கின நீங்க? காட்டுங்க."

படத்தைப் பற்றி நான் கேட்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். வெளியில் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. பிறகு கொடியில் கிடந்த என் தொழுகைத் துணியை எடுத்துச் சுருட்டினார். இடக்கையில் தலை. வலக்கை முழங்காலுக்குக் கீழ். நெஞ்சோடு அணைக்கவில்லை. தூங்கும் பிள்ளை எழும்பிவிடும் என்று பயந்தவர் போல, சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தார்.

"இப்பிடித்தான். முடி நனஞ்சி இருந்த. முகத்தில ஒரு காயமும் இல்ல, புள்ள. நித்திரை மாதிரி."

ஹாஜியாரின் குரல் இல்லை, அவருடைய குரல். முற்றத்துக் கேற் வரை அப்படியே நடந்தார். திரும்பி வந்து என் கைகளில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். இருவரும் படியில் இருந்து அழுதோம்.

ஓகஸ்ட் 9

அக்கரைப்பற்றிலும் படம் காட்டுகிறார்களாம். நாங்கள் போகவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நிப்லா உரக்கடையில் யூரியா மூட்டைகளின் உச்சியில் ஏறி இருந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்த கதையைச் சொன்னார். எனக்குத் தெரியாத கதை. அதற்குப் பின் இன்னொன்று.

மீன் ஆணம் அடிப்பிடிக்கும் மணம் வந்தது. நான் எழும்பவில்லை.