எதிரெதிரே இருந்து சாப்பிட்ட நாட்கள்

மாமி,

நேற்றுப் பின்னேரம் வேலை முடிந்து வெள்ளவத்தை மெரைன் டிரைவ் வழியாக நடந்து வந்துகொண்டிருந்தேன். ஒரு கடை வாசலில் நுளம்புச்சுருள் புகையும், வெண்ணெயில் கணவாய் மீன் பொரிகிற வாசமும் ஒன்றாக வந்தன. வீட்டுக் குசினியில் இந்த இரண்டும் சேராது. வெளியே போட்ட உணவக மேசையில்தான் சேரும். காலடியில் நுளம்பு கடிக்காமல் சுருளைக் கொளுத்தி வைத்துவிட்டு, மேலே சுடச்சுடக் கொண்டுவந்து வைப்பார்கள். வாசலில் நின்ற பணியாளர் உள்ளேயா வெளியேயா என்று கேட்டார். இப்போதெல்லாம் அப்படிக் கேட்கிறார்கள். உள்ளே குளிரூட்டி ஓடுகிறது, ஆட்கள் நெருக்கியடித்து இருக்கிறார்கள், ஒருவர் முகத்திலும் கவசம் இல்லை. நான் வெளியே என்றேன்.

உங்களை நினைத்துத்தான் அங்கே போய் இருந்தேன் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. பசித்தது, இருந்தேன். கணவாய் வந்த பிறகுதான் எதிர்க்கதிரையில் ஆளில்லை என்பது கண்ணில் பட்டது.

பெருந்தொற்றின் முதலாவது நீண்ட ஊரடங்கு தளர்ந்து சில வாரங்கள் ஆகியிருந்த காலம் அது. நான் உங்கள் மகனை விட்டுப் பிரிந்து, கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வெள்ளவத்தைக்கு, ஓர் அறையும் குசினியுமான வாடகை இடத்துக்கு வந்து இரண்டு வருடம் இருக்கும். அவ்வளவு காலமும் நீங்கள் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அன்று எடுத்தீர்கள். சுகம் விசாரித்த கையோடு விஷயத்துக்கு வந்தீர்கள்.

“உம்மட பக்கம் ஒரு கடையில மேசையெல்லாம் வெளியில போட்டுச் சாப்பாடு குடுக்கினமாம். உள்ளுக்கு ஒருத்தரையும் விடுகினமில்லையாம். வாறீரோ?”

என் அறைக்கே வரலாமே, சமைத்து வைக்கிறேன் என்றேன்.

“உம்மட அறைக்கு வந்தா நான் தம்பிக்குப் பொய் சொல்லவேணும். கடைக்குப் போனனான் எண்டா அது உண்மைதானே.”

தம்பி என்றது உங்கள் மகனைத்தான். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தவர் உங்கள் வாயில் கடைசிவரை தம்பிதான்.

அடுத்த நாள் கல்கிசையிலிருந்து உங்கள் தங்கை எனக்கு எடுத்தார். அக்கா உம்மைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகத்தான் வாறா, முகத்தை முறிக்காமல் கதையும் என்றார். நான் எதிர்பார்த்ததுதான். உங்கள் மகன் கேட்டபோது நான் மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அது கடினமாக இருக்கவில்லை. உங்களுக்கு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. உங்களோடு ஒரே வீட்டில் இருந்த பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. நீங்கள் கேட்டால் போய்விடுவேன் என்ற பயத்தோடுதான் அன்று கடைக்கு நடந்தேன்.

நீங்கள் ஓட்டோவிலிருந்து இறங்கினீர்கள். கோயிலுக்கு உடுக்கிற மயில்நீலக் கைத்தறிச் சேலை. அதே நிறத்தில் நீங்களே தைத்த முகக்கவசம். வாசலில் நின்றவர் கைத்துப்பாக்கி வடிவ வெப்பமானியை உங்கள் நெற்றிக்கு நேரே நீட்டினார். அசையாமல் நின்று காட்டிவிட்டு, என் பக்கம் சாய்ந்து, “இந்த நாட்டில எனக்குக் காட்டின துவக்குகளுக்குள்ள இதுதான் மரியாதையானது” என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். அந்தக் கொட்டாஞ்சேனை வீட்டில் நீங்கள் பகிடி விட்டு நான் கேட்டதில்லை.

கடைக்காரர் தன் வாகனத் தரிப்பிடத்தையே சாப்பாட்டு இடமாக்கியிருந்தார். நிலத்தில் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன. ஒரு கார் நிற்கிற இடத்துக்கு ஒரு மேசை. முன்னால் வீதி, அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். றோட்டால் போகிறவன் வாறவன் பார்க்கச் சாப்பிட்டால் நாவூறு படும் என்று சொல்லி, வீதிக்கு முதுகு காட்டிய கதிரையில் நீங்கள் இருந்தீர்கள். கடலைப் பார்த்த கதிரை எனக்கு வந்தது. இருவரும் கவசத்தைக் கழற்றினோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாம் எதிரெதிரே இருந்து சாப்பிட்டதே இல்லை என்பது.

கொட்டாஞ்சேனையில் அதற்கு வழி இருக்கவில்லை. உங்கள் மகன் வந்து மேசையில் இருப்பார். எங்களில் ஒருவர் பரிமாற, மற்றவர் அடுப்படியில் நிற்பார். அவர் எழுந்த பிறகு நான் இருப்பேன், நீங்கள் நிற்பீர்கள். கடைசியில் குசினி முக்காலியில், கறிச்சட்டியில் ஒட்டியிருப்பதைச் சோற்றோடு பிரட்டி நீங்கள் சாப்பிடுவீர்கள். அவர் சத்தம் போடுகிறவர் இல்லை. கறி பிடிக்காவிட்டால் ஒற்றை விரலால் தட்டை ஓர் அங்குலம் அப்பால் தள்ளுவார், அவ்வளவுதான். நீங்கள் உடனே எழும்பி முட்டை பொரிக்கப் போவீர்கள். ஒருநாள் நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமல், காத்துக்கொண்டு இருந்தார். நான் போய் முட்டை பொரித்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் வெள்ளவத்தையில் அறை பார்க்கத் தொடங்கினேன். ஏன் பிரிந்தாய் என்று கேட்கிறவர்களுக்கு இதைக் காரணமாகச் சொல்ல முடிவதில்லை.

அன்று சூடான தட்டில் கணவாய் வந்தது. நீங்கள் பழக்கத்தில் நல்ல துண்டாகத் தேடி எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடியட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தீர்கள். ஆறிப்போகும் மாமி, சாப்பிடுங்கோ என்றேன். ஒன்றை வாயில் வைத்தீர்கள். கண்ணை மூடி மென்றீர்கள். அதன் பிறகு நாம் கதைத்ததெல்லாம் அதைப் பற்றித்தான்: மாவு எது, மிளகாய் எப்போது போட்டிருப்பான், இவ்வளவு மொறுமொறுப்பு எப்படி வந்தது. திரும்பி வரச்சொல்லிக் கேட்டால் சொல்ல ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு இருந்தேன். நீங்கள் கேட்காமலே ஓட்டோவில் ஏறிப் போய்விட்டீர்கள்.

அதன்பின் கடைகள் திறந்திருந்த மாதங்களில் எல்லாம் போனோம். மூடச் சொன்னால் நிறுத்தினோம், திறந்ததும் நீங்கள்தான் முதலில் எடுத்தீர்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஆகாது, அன்று உங்களுக்கு மச்சமில்லை, மீனும் தொடமாட்டீர்கள். கல்கிசைக் கடற்கரையில் மணலில் போட்ட மேசையில் நண்டுக்கறி சாப்பிட்டோம். முருங்கையிலை போடாத நண்டுக்கறியும் ஒரு கறியோ என்று ஏசிக்கொண்டே ஓட்டை நக்கினீர்கள். ஒருமுறை மழை திடீரென்று இறங்க, உள்ளே போக அனுமதியில்லாமல், பெரிய குடையின் கீழ் பலூடாக் குவளைகளைக் கையால் மூடிக்கொண்டு நின்றோம். அந்த நாட்களில் இந்த நகரம் சாப்பாட்டுக்காகவே வெளியே வந்ததுபோல் இருந்தது. பக்கத்து மேசைகளில் குடும்பங்கள் ஆறடி தள்ளியிருந்து ஒருவர் தட்டை ஒருவர் எட்டிப் பார்த்தன. எல்லோருக்கும் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருந்தும் அடுத்த முறை கூப்பிட்டால் வருவேன்.

ஒவ்வொரு முறையும் இன்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். கைகழுவி, பில்லுக்குக் காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்கள் பல் குத்திக்கொண்டு கடலைத் திரும்பிப் பார்ப்பீர்கள்.

பிரைட் ரைஸ் சொன்ன நாளை நினைவிருக்கிறது. முதன்முதல் போன அதே கடை. சோறு எண்ணெயில் ஊறி, குளிர்ந்துபோய் வந்தது. நீங்கள் இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் தட்டை ஓர் அங்குலம் தள்ளினீர்கள். முகத்தையும் உங்கள் மகனைப்போலவே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தீர்கள். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அதற்குள் பணியாளர் ஓடிவந்து, சரியில்லையா அம்மா என்று சிங்களத்தில் கேட்டு, நீங்கள் மறுக்க மறுக்கத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

“என்ன பிள்ளை செய்யப் போறான்?”

வேறு சமைத்துக் கொண்டுவரப் போகிறார் என்றேன்.

நீங்கள் நம்பவில்லை. அவர் போன வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். “தள்ளினா ஒராள் எழும்பிப் போகுது, பாரும். நான் ஒருநாளும் தள்ளிப் பாத்ததில்லை. நான் தள்ளினா ஆர் எழும்புறது?”

புதிய சோறு ஆவி பறக்க வந்தது. அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டீர்கள். முடிந்த பிறகு, ஒரு விஷயம் சொல்லவேண்டும் என்று தொடங்கினீர்கள். அந்த நேரம் பார்த்துக் கோட்டை நிலையத்திலிருந்து வருகிற ரயில் எதிரே கடந்தது. வாசலில் தொங்குகிற ஆட்களோடு அது முழுவதும் போய் முடியும்வரை கையை மேசையில் வைத்தபடி காத்திருந்தீர்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஓம் என்றுதான் சொல்லப்போகிறேன் என்றும் அந்த இடைவெளியில் எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தச் சேலைகளை எடுத்துக்கொண்டு போவது என்றுகூட யோசித்தேன்.

“முதல் நாள் உம்மைக் கேக்கத்தான் வந்தனான். கணவாயை வாயில வைச்சவுடன மறந்துபோனன்.” நீங்கள் சிரிக்கவில்லை. “தம்பிக்கும் பிறகு தெரியவந்திட்டுது. இன்னும் நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருக்கிறான். நினைக்கட்டும். இல்லாட்டி ஓட்டோ ஆர் பிடிச்சுத் தாறது?”

நான் தண்ணீர்க் குவளையை உங்கள் பக்கம் நகர்த்தினேன்.

“உம்மைக் கூட்டிக்கொண்டு போனா, திரும்பவும் எங்களில ஒராள் நிக்கவேணும். நான் போன பிறகு அவன் வருவான், ஒருத்தரும் இல்லை எண்டு. பாவம் பாத்துப் போகாதேயும்.”

அவருக்கு ஒரு தேத்தண்ணிகூடப் போடத் தெரியாதே மாமி என்றேன். அந்த நேரத்தில் ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றும் விளங்கவில்லை.

“பழகுவான். அவன் கூடாதவன் இல்லை. நான்தான் எழும்பி எழும்பிப் பழக்கினனான்.” பிறகு பணியாளரைக் கூப்பிட்டு, இனிப்புக்கு வட்டிலப்பம் இருக்கிறதா என்று விசாரித்தீர்கள்.

அடுத்த அலை வந்து கடைகள் மூடின. அந்த மூடலுக்குள்ளேயே ஒருநாள் விடியற்காலையில் நெஞ்சு நோகிறது என்று சொன்னீர்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்ததாம். தொற்று இல்லை என்று சோதனையில் வந்ததால் உங்களை வீட்டுக்குக் கொண்டுவர விட்டார்கள். சிலர் மட்டுமே வரலாம் என்றார்கள். நான் வந்து வாசலருகே சிறிது நேரம் நின்றேன். உங்கள் முகத்துக்கும் கவசம் போட்டிருந்தார்கள். அது வெள்ளை, கடையில் வாங்கியது. நான் அழவில்லை. உங்கள் தங்கை அதைக் கவனித்தார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு உங்கள் மகன் வெள்ளவத்தைக்கு வந்தார். கடற்கரை வீதியில் நின்றே கதைத்தோம். மெலிந்திருந்தார். கையில் எண்ணெய் தெறித்த கொப்புளம் ஒன்று காய்ந்திருந்தது, சமைத்துப் பார்த்திருக்கிறார்போல.

“அம்மா கடைசி வரைக்கும் உம்மட கதைதான். உம்மைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டதுதான் அவவின்ர கடைசி ஆசை. அதுக்குத்தானே அந்த நோய்க்காலத்துக்குள்ளயும் வெளிக்கிட்டு வெளிக்கிட்டு வந்து உம்மோட சாப்பிட்டவ.”

நீங்கள் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு எவ்வளவு நேரமும் இருந்தது. சொல்லாதே என்றும் நீங்கள் கேட்டிருக்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஒரு மனிதரிடம் தாய் இல்லாமல் போய், தாயின் ஆசை என்று ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. நான் வரமாட்டேன், இது என் முடிவு என்றேன்.

“அம்மா சொல்லியுமோ?”

“ஓம். அம்மா சொல்லியும்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். இப்போது தானே சமைக்கிறார் என்றும், மோசமில்லை என்றும் கேள்வி. பழகிவிட்டார், மாமி.

செத்த மனுஷியின் சொல்லையும் தட்டியவள் என்று உறவுக்குள் என் பெயர் நின்றுவிட்டது. போன வெள்ளி கோயிலில் உங்கள் தங்கை என்னைக் கண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு நான் வெளிவீதிக்கு வந்தேன். கோபம் வரவில்லை. உங்கள் ஆசை என்று உங்கள் மகன் வைத்திருப்பது அவரிடமே இருக்கட்டும். நீங்கள் சொன்னது என்னிடம் இருக்கிறது. ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறேன்.