மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்

தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்கள் மூவரும் சுகம்தானா? போனில் என் பெயரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. கடிதத்தை அப்படித் தள்ள முடியாது. பிரிக்காமல் போட்டாலும் வீட்டுக்குள்தான் கிடக்கும்.

செங்கல் சூளைக்காரர் என் குழாய்க் கடைக்கு வந்திருந்தார். உங்கள் இரண்டு ஏக்கரை அடுத்த மாதம் முதல் வாரத்தில் எழுதி வாங்கப் போவதாகச் சொன்னார். "யாருக்கு வேணாலும் குடுப்பேன், மச்சானுக்கு மட்டும் கிடையாது" என்று மாப்பிள்ளை சொன்னாராம். அதை என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார். உங்கள் கிணற்றை மூட எத்தனை லோடு மண் பிடிக்கும் என்று என்னிடமே கேட்டார். நான் வியாபாரி. முகத்தில் எதையும் காட்டாமல், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

விற்காதே என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் என் பக்கம் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டு விற்பதானால் விற்றுக்கொள்.

என் கிணறு மேட்டில், என் வெங்காய வயல் பள்ளத்தில், நடுவில் உங்கள் நிலம். உங்கள் கிணற்றை ஒட்டிப் போன மண் வாய்க்காலில்தான் என் தண்ணீர் ஓடியது. ஒருநாள் இருநூறு லிட்டர் டிரம்மை வாய்க்காலின் தலைமாட்டில் வைத்துப் பார்த்தேன்; ஒரு நிமிடத்தில் நிறைந்தது. கடைமுனையில் வைத்தேன், ஒன்றரை நிமிடம் பிடித்தது. மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே காணோம். குழாய் விற்கிறவனுக்கு இதைவிட அவமானம் வேறென்ன? வாய்க்காலைத் தூர்த்து, மூன்றங்குலக் குழாயைப் புதைத்தேன். கடைக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். சைக்கிளில் சாக்கு மூட்டை கட்டிக்கொண்டு குழாய்ச் சாமான் விற்றவன், சொட்டுத் தண்ணீர் வீணாகாமல் விவசாயம் செய்கிறான் என்று நாலு பேர் பேச வேண்டுமே.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார். செருப்பை வெளியில் விட்டு, நின்றபடியே பேசினார்: "மச்சான், அந்த வாய்க்கா கசியுறதுலதான் நம்ம கிணறு ஊறுது. கொஞ்சம் யோசிங்க." கடை நிறைய ஆள். "என் மோட்டார் இறைக்க, உங்க கிணறு நிறையணுமா மாப்பிள்ளை? நல்லா இருக்கே நியாயம்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதோடு சரி. சண்டை போட்டிருந்தால்கூட எங்கேயாவது இறங்கி வந்திருப்பேன். பேசாமல் போனதில் எனக்கும் வீம்பு ஏறிவிட்டது.

இரண்டு கோடையில் உங்கள் எலுமிச்சை எழுபது மரமும் காய்ந்தது. மழை பொய்த்துவிட்டது என்று ஊர் சொன்னது, நானும் சேர்ந்து சொன்னேன். அதே மழை என் வயலுக்கு மட்டும் எப்படிப் பொய்க்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். சொந்த நிலத்தில் நின்றவர் இன்று எவனோ ஒருவனுடைய கிடங்கு வாசலில் சீருடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நாலு மாதத்துக்கு முன் என் வயலுக்குத் தண்ணீர் வரத்து குறைந்தது. ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு குழாய் போன வழியெல்லாம் நடந்தேன். மேலே ஈரப்பொட்டுக்கூட இல்லை. உங்கள் கிணற்றருகே வந்ததும் அவன் சும்மா எட்டிப் பார்த்தான். வறண்டு கிடந்த கிணற்றில் ஓர் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. பக்கத்தில் தோண்டினால், குழாய் இணைப்பு ஒன்று அடியில் வாயைப் பிளந்திருந்தது. "முதலாளி, தண்ணி எங்கயும் ஓடிப்போகல. உங்க தங்கச்சி வீட்டுக்கு விருந்தாடப் போயிருக்கு" என்றான் அந்த வாயாடி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒட்டுடா என்றேன். வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டே நாளில் உங்கள் கிணறு மறுபடி தரை தட்டியது. தினமும் போய் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் ஓட்டையை மறைத்து விற்ற சரக்கு என்றைக்கும் கடைக்கே திரும்பி வரும்.

பதிமூன்றாம் நாள் குழாயை உங்கள் எல்லையில் அறுத்து, பழைய வாய்க்காலை வெட்ட ஆள் விட்டேன். என் மகன் குதித்தான். "ஊருக்கெல்லாம் குழாய் போடச் சொல்லிட்டு, நம்ம வயலுக்கு மண் வாய்க்காலா? கடைக்கு எவன்ப்பா வருவான்?" என்றான். உன் அண்ணி கத்தவில்லை. அவள் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "முதல்ல ஆளைத் துரத்திட்டீங்க. இப்பத் தண்ணி விடுறீங்க, யாரு இறைக்க?"

இப்போது கிணற்றில் இரண்டு ஆள் மட்டம் நிற்கிறது. என் வெங்காயத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். இதனால் நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதே. எழுபது மரமும் விறகாகப் போனது போனதுதான்.

நிலத்தை எனக்குக் கொடு என்று கேட்கவில்லை. என் பேச்சை நம்பு என்றும் சொல்லவில்லை; உன் இடத்தில் நான் இருந்தால் நம்பமாட்டேன். அதனால் முத்திரைத்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த வாய்க்காலை மூடவோ, சிமெண்ட் பூசவோ, அதில் குழாய் பதிக்கவோ எனக்கும் உரிமை இல்லை, எனக்குப்பின் என் மகனுக்கும் இல்லை. முறைத்துக்கொண்டேதான் அவனும் கையெழுத்துப் போட்டான்.

மாப்பிள்ளை கிழித்துப் போட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன். சூளைக்காரருக்குப் பத்திரம் எழுதும் முன் ஒரே ஒரு தடவை வந்து கிணற்றைப் பார்த்துவிட்டுப் போகச் சொல். கடைப்பக்கம் வரவேண்டாம். என்றைக்கு என்று மட்டும் சொல்லியனுப்பு. அன்று நான் அந்தத் திசைக்கே வரமாட்டேன்.

நீ எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இரு. கிளம்பும்போது உன் மகள் இடுப்புக் குழந்தை. இப்போது கேள்வியெல்லாம் கேட்பாள். அவளுக்கு ஒரு மாமன் இருக்கிறான் என்று சொல்லியிருக்கிறாயா அம்மா?

உன் அண்ணன்