நெஞ்சின் மேல் கிடந்த போர்வை

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை நீயாகவே நிறுத்திவிட்டாயாம், அண்ணி சொன்னாள். நீ வாதாடினால் நீதிபதிக்குத் தூக்கம் வருகிறது என்றும் சொன்னாள். அப்படியானால் நமக்கு ஒரே தொழில்தான். நான் மருந்து கொடுத்துத் தூங்கவைக்கிறேன், நீ பேசியே. பிள்ளைகள் நலம். நான் நலமில்லை.

போனில் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன்.

பதினாறு வயதுப் பெண். மூன்று மாதமாகக் குரல் கம்மல், மூச்சில் விசில் சத்தம். மயக்கம் கொடுத்துக் குரல்வளைக்குள் பார்க்கவேண்டும். தொண்டை மருத்துவர் பார்க்கிற அதே வழியில்தான் நான் மூச்சும் கொடுக்கவேண்டும். மெல்லிய குழாய், கையில் ஒரு விசை. அழுத்தினால் காற்று பீறிட்டு உள்ளே போகும், நெஞ்சு ஏறும். அது இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே மறுபடி அழுத்தலாம். அதனால் நெஞ்சை மூடக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதைத்தான்.

மேசையில் படுத்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தனை ஆம்பளைங்க இருக்காங்க டாக்டர், நான் தூங்கினப்புறமும் போர்வையை எடுக்காதீங்க" என்றாள். சரி என்றேன். சொன்னபடியே எடுக்கவும் இல்லை. போர்வை அசைவது தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். இருபது வருஷத் திமிர், வேறென்ன.

நடுவில் தொண்டை மருத்துவர் தன் கருவியைச் சற்று நகர்த்தினார். காற்று வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது. நான் போர்வையைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன், ஐந்து முறையோ ஆறு முறையோ. நுரையீரல் கிழிந்து இதயம் நின்றது. திரும்பத் துடிக்கவைக்க ஒன்பது நிமிடம் ஆனது. இன்று எட்டாவது நாள். இனிக் கண் திறக்கமாட்டாள், எங்களுக்குத் தெரியும்.

எங்கள் துறைத் தலைவர் அவள் அம்மாவிடம், பிள்ளைக்கு நுரையீரல் பலவீனம், நீங்கள்தான் தாமதமாகக் கொண்டுவந்தீர்கள் என்று சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அந்த அம்மா வார்டு வாசலில் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறாள். "நான்தான் பாவி டாக்டரம்மா, வெறும் சளின்னு சும்மா இருந்துட்டேன்" என்கிறாள். அங்கேயே செத்துவிடலாம் போலிருக்கிறது, அண்ணா.

நாளை விசாரணை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், போர்வையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்றாய். உண்மைதான், கேட்கமாட்டார்கள். வேலை போனால் பிள்ளைகள் கதி என்ன என்றும் கேட்டாய். அப்படியும் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த அறையில் போய் உட்கார்ந்ததும் எனக்கு நாக்கு எழாது. என்னை எனக்குத் தெரியும்.

இது உன் கைக்கு வரும்போது விசாரணை முடிந்திருக்கும். நான் சொல்லியிருந்தால் இதைக் கிழித்துப் போடு. சொல்லாமல் வந்திருந்தால், உறைக்குள் வைத்திருக்கும் முகவரிக்கு இதை அப்படியே அனுப்பிவிடு. அது அந்த அம்மாவின் வீடு. நானே போன் செய்து வேண்டாம் என்று அழுவேன். அப்போது மட்டும் என் பேச்சைக் கேட்காதே அண்ணா, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உன் தங்கை